நாரா மான் வாங்கிக்கொண்ட காணிக்கை

ஜப்பானில் என் மகனைப் பெண் என்றார்கள், மகளைப் பையன் என்றார்கள். இரண்டுக்கும் காரணம் திருத்தணி முருகன்தான்.

மகள் மல்லிகாவுக்கு அப்போது ஆறு வயது. விசா கிடைத்தால் அவள் முடியை இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் நான். கிடைத்துவிட்டது. புறப்படும் முன் மலைக்கு இட்டுப்போய் மொட்டை அடித்தோம். ஒசாக்காவில் இறங்கியபோது அவள் தலை அறுவடை முடிந்த கழனி மாதிரி இருந்தது. குளிருக்காகப் போட்ட முழுக்கால் சட்டையும் சேர்ந்துகொள்ள, பார்த்தவர்கள் எல்லாம் 'நல்ல தம்பி' என்று தட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கோபத்தில் அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மகன் தணிகைக்கு இரண்டரை வயது. அவன் தலையில் பிறந்ததிலிருந்து கத்திரி பட்டதில்லை. தோளைத் தாண்டித் தொங்கிய முடியை நான் தினமும் பின்னி ரிப்பன் கட்டுவேன். அவனைத்தான் கடைக்காரிகள் தூக்கிக் கொஞ்சுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். கழிப்பறைக்குப் போனால் மல்லிகாவை ஆண்கள் பக்கமும் தணிகையைப் பெண்கள் பக்கமும் கையைக் காட்டி அனுப்புவார்கள். நடுவில் நின்று விளக்கம் சொல்ல எனக்கு மொழி இல்லை. மல்லிகாவின் கையை நான் பிடித்துக்கொண்டு, தணிகையை அவர் இடுப்பில் ஏற்றி அனுப்பினால், ஜனங்கள் எங்களை நிறுத்தி மாற்றி விடுவார்கள்.

அவர் என்றது என் வீட்டுக்காரரை. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்து விசைத்தறி மெக்கானிக் ஆனவர். எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டுத் தறிகளை வரவழைத்து விற்கும் ஒரு சென்னைக் கம்பெனி அவரை ஒன்பது மாதப் பயிற்சிக்கு ஒசாக்காவுக்கு அனுப்பியது. குடும்பத்தோடுதான் போவேன் என்றார். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதுதான் அதற்குள் இருந்த உண்மை.

தணிகையின் முடி விஷயம் மட்டும் எங்கள் கையில் இல்லை. அது அவருடைய அக்கா சரோஜா அண்ணியின் வேண்டுதல். பிறந்த மூன்றாம் மாதம் பிள்ளைக்கு ஜுரம் வந்து கண் செருகியது. நானும் பிரசவ நோவிலிருந்து தேறாமல் கிடந்தேன். அண்ணிதான் அவனை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி பகல் பாராமல் காத்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. பிழைத்தால் மூன்று வயது முடிந்து வரும் ஆடிக் கிருத்திகையில் முடி இறக்குவதாகத் திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்து நேர்ந்துகொண்டாள். பிழைத்துக்கொண்டான். அதற்கு முன் ஒரு மயிர் குறையக் கூடாது.

நாங்கள் கிளம்பிய அன்று அண்ணி ஊரிலிருந்து சென்னை வரைக்கும் வந்தாள். சடையை அவிழ்த்து, சாண் போட்டு அளந்து, சரியாக ஒரு சாண் என்று பார்த்துக்கொண்டு மறுபடி பின்னினாள். துணி அளக்கும் குடும்பம், கை பொய் சொல்லாது.

"இத பாரு கௌரி, இது முருகன் முடி. நீ வச்சிகினு இருக்கிறே, அவ்ளோதான். கத்திரி பட்டுச்சுன்னா அப்புறம் நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன், ஆங்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஏதோ ஒரு சீமந்தத்தில் வந்த மனத்தாங்கலுக்காகத் தன் ஓரகத்தியோடு பன்னிரண்டு வருடமாகப் பேசாதவள். எனக்கு அவளிடம் பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயமும்தான். ஆனால் அவள் வராமல் போனால் என் மகனுக்கு ஒரு தாய் குறைந்துபோவாள் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இந்தப் பாரத்தோடுதான் ஒசாக்காவில் குடித்தனம் செய்தேன். எண்ணெய் முதல் கவலை. கொண்டுபோன தேங்காய் எண்ணெய் குளிரில் மெழுகாகி, அடுப்பருகே வைத்து உருக்கித் தடவினேன். அரிசி ஒட்டும், ஆனால் ருசி. மிளகாய்த்தூள் தீர்ந்துபோகும் என்று அவர் குழம்பைக் கண்ணீரோடு பார்ப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டம்மாளுக்கு ரசம் கொடுத்தேன். மறுநாள் அவள் கணவன் ஜலதோஷத்துக்கு மருந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினான்.

இலைகள் சிவந்து உதிரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. ரயிலில் போனால் நாரா என்று ஒரு ஊர் வரும், அங்கே ஒரு பெரிய பூங்காவில் மான்கள் ஆடு மாடு போலத் திரியும், கட்டும் இல்லை வேலியும் இல்லை என்று அவருடைய தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். மான் என்றதும் மல்லிகா என்னோடு பேச ஆரம்பித்தாள்.

முந்தின நாள் காய்கறிக் கடைக்குப் போனபோது வாசலில் ஒரு வாளி நிறையச் சாமந்தி. மஞ்சளும் வெள்ளையும், கண்ணைப் பறித்தது. பூவைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று! இரண்டு கட்டு வாங்கினேன். கடைக்காரி முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, தலையை ஆழமாகக் குனிந்து கொடுத்தாள். மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் தைக்கும் நூலால் சரம் கட்டினேன். மல்லிகா தலையில் வைக்க இடமில்லை. அத்தனையும் தணிகை சடைக்கே போயிற்று, உச்சியிலிருந்து நுனி வரைக்கும். பார்க்கத் தேர் மாதிரி இருந்தான்.

புளிசாதம் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். பெட்டியில் பேச்சே இல்லை. எங்களைப் பார்த்ததும் இருந்த மூச்சும் நின்றது. எல்லோரும் தணிகையின் தலையைப் பார்ப்பதும் சட்டென்று கண்ணைத் தாழ்த்துவதுமாக இருந்தார்கள். எதிரே கிமோனோ கட்டிய ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கும். அவள் மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பூங்கட்டு. பார்த்தால், அதே சாமந்தி. அவளும் கோயிலுக்குப் போகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் பூவையும் என் மகன் தலையையும் மாறி மாறிக் காட்டிச் சிரித்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் என் வீட்டுக்காரர் தன் வேலையைத் தொடங்கிவிட்டார். எந்தத் துணியைக் கண்டாலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் என் கூறைப்புடவையின் முந்தானையைத் தேய்த்துப் பார்த்தவர். அந்த அம்மாளின் கிமோனோ கை அவர் முழங்காலுக்கு அருகே தொங்கியது. நான் கிள்ளுவதற்குள் பிடித்துவிட்டார்.

"இன்னா இழை பார்த்தியா கௌரி. கைத்தறி. ஒரு இடத்துல கூட தப்பல."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள் அவர் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை உள்பக்கமாகத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள். இவர் தனக்குத் தெரிந்த இருபது ஜப்பானிய வார்த்தைகளில் தறி, நான், அப்பா என்ற மூன்றைச் சொன்னார். அவள் தன் கணவரும் தறிக்காரர் என்றும் இது அவர் நெய்தது என்றும் சொன்னதாக எனக்கு மொழிபெயர்த்தார். மீதி எல்லாவற்றுக்கும் 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டிவிட்டார். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று அவள் கேட்டிருக்க வேண்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆமாம், ஆமாம் என்றிருக்கிறார். அவள் பையிலிருந்து நான்கு கமலா ஆரஞ்சு எடுத்துப் பிள்ளைகள் கையில் வைத்து, இரண்டு பேர் தலையையும் தடவினாள்.

நடுவில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. பிளாட்பாரத்தில் டீ விற்கும் கடை. இவர் இறங்கினார். அரக்கோணத்தில் அப்படித்தான் இறங்குவார். டீ குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்து, மீதிச் சில்லறைக்குச் சண்டையும் போட்டு, நகர்கிற வண்டியில் தொற்றிக்கொள்வார். இங்கே கதவு தானாகவே மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையில் டீயோடு ஓடிவரும் கணவரைப் பார்த்துக்கொண்டே நாங்கள் போய்விட்டோம். தணிகை குதூகலமாகக் கையாட்டினான். மல்லிகா, "நைனா வராட்டா மான் பாக்க முடியாதா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் அடுத்த ஸ்டேஷனில் எங்களோடு இறங்கி நின்றாள். இவர் அடுத்த வண்டியில் டீயைச் சிந்தாமல் வந்து சேர்ந்தார். துக்க வீட்டுக்காரர்கள், நிதானம் தவறியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதன் பிறகு எங்களைத் தனியே விடவில்லை. பூங்கா வரைக்கும் வந்தாள்.

பூங்கா என்றால் எனக்குத் தெரிந்தது சுற்றிக் கம்பி, நடுவில் சிலை, புல்லில் நடக்காதே என்று பலகை. இது வேறு. கண்ணுக்கு எட்டியவரை புல், நெருப்பு மாதிரி சிவந்த மரங்கள், அதற்குள் நூற்றுக்கணக்கில் மான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களோடு அவையும் காத்திருந்தன. குழந்தைகளை ஓடவிட்டுப் பெற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஒரு குழந்தை விழுந்தால், அது தானாக எழுந்து வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். தணிகை விழுந்ததும் நான் ஓடியதைப் பார்த்துப் பலர் பதறிப்போனார்கள்.

வாசலில் ஒரு பெண் காகிதப் பட்டை சுற்றி அப்பளம் போன்ற பிஸ்கட்டு விற்றாள். இவர் வாங்கி எங்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்து, தானும் தின்றார். உப்பு இல்லை, தவிட்டு வாசனை. "சத்து பொருள் போலக்கீது" என்று இரண்டாவதையும் தின்றுகொண்டிருக்கும்போது, விற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு மான்களைக் காட்டினாள். மான் தின்ன வேண்டியது அது. கையில் இருந்ததை மறைக்க முயன்றார். அதற்குள் ஒரு மான் அவர் முன் வந்து தலையைக் குனிந்து வணங்கியது. ஊர்ப் பழக்கம் என்று இவரும் குனிந்தார். அது மறுபடி குனிந்தது. இவரும் விடவில்லை. எங்கள் கல்யாணத்தில் என் அப்பாவுக்குக்கூட அவ்வளவு குனிந்ததில்லை.

ஒன்றுக்கும் கொம்பு இல்லை. எல்லாம் பெண்மானா என்று கேட்டேன். அந்த அம்மாள் ஒரு பெரிய மானைக் காட்டி, மீசையை முறுக்குவதுபோல் பாவனை செய்து, நெற்றிக்கு மேல் ரம்பம் ஓட்டிக் காட்டினாள். அதன் தலையில் வெட்டின முருங்கைக் கிளை மாதிரி இரண்டு முளை இருந்தது. இலையுதிர் காலம் வந்தால் கடாக்களுக்குக் கொம்பை அறுத்துவிடுவார்களாம், ஜனங்களைக் குத்தாமல் இருக்க.

"அதுங்களுக்கும் மொட்டையா?" என்றாள் மல்லிகா. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

துப்பட்டியை விரித்துப் புளிசாதத்தைப் பிரித்தேன். அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டு, நீண்ட நேரம் யோசித்து, இன்னொரு வாய் கேட்டாள். பிறகு மெதுவாகத் தன் பூங்கட்டைக் காட்டி, மண்ணில் விரலால் ஒரு கல் வரைந்தாள். கல்லின் முன் பூவை வைத்தாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். கிமோனோவைத் தொட்டு, பிறகு கல்லைத் தொட்டாள். இதை நெய்தவர் இங்கே படுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அதோடு சேர்ந்து, கடைக்காரியின் குனிவும் ரயில்பெட்டியின் மௌனமும் நான்கு கமலா ஆரஞ்சும் ஒன்றாகப் புரிந்தன. இந்த ஊரில் இது சமாதிக்கு வைக்கிற பூ. அதை நான் என் மகனுக்கு உச்சி முதல் நுனி வரை சூட்டி ஊர்வலம் கொண்டுவந்திருக்கிறேன்.

சரத்தைக் கழற்றலாம் என்று திரும்பினேன். என்னை முந்திக்கொண்டு ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரிய கடாதான். தணிகையின் பின்னால் நின்று, நுனியிலிருந்து ஒவ்வொரு பூவாக ரசித்துத் தின்றது. பூவோடு சரமும், சரத்தோடு சடையும் உள்ளே போயிருந்தன. பாதிச் சடை அதன் வாய்க்குள். பிள்ளை அழவில்லை. யாரோ தலை பின்னுகிறார்கள் என்று நினைத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

நான் போட்ட கூச்சலில் பூங்காவே திரும்பியது. மானின் கழுத்தைப் பிடித்தேன். அது மென்றது. இவர் ஓடிவந்து அதன் கடைவாயில் விரலை விட்டு, தறியில் சிக்கின இழையை எடுப்பதுபோல் ஒவ்வொரு மயிராக விடுவிக்கத் தொடங்கினார். பொறுமையான மனிதர். அப்படியே விட்டிருந்தால் பொங்கலுக்குள் முடித்திருப்பார். அந்த அம்மாள் தன் பூங்கட்டிலிருந்து, காம்பு நறுக்க வைத்திருந்த சின்னக் கத்திரியை எடுத்து, சடைக்கு நேரே கொண்டுவந்தாள்.

"கத்திரி வேணாம்!" என்று அலறினேன். தமிழில்தான். ஆனால் அந்தக் குரலுக்கு மொழி தேவைப்படவில்லை. அவள் கை அப்படியே நின்றது. மானும் திடுக்கிட்டது. தலையை ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான். தணிகை வீல் என்றான். மான் நான்கு அடி தள்ளிப்போய் நின்று, மென்று, விழுங்கி, என்னைப் பார்த்து மரியாதையாகக் குனிந்தது.

சடையில் பாதிதான் மிச்சம். நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைக்குக்கூட அழுகை அடங்கிவிட்டது, எனக்கு அடங்கவில்லை. அண்ணியின் கை அந்தச் சடையை அளந்ததுதான் கண்முன் நின்றது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சச் சடையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணு பாரு. கத்திரி படல."

அவரை அடிக்கலாம்போல் இருந்தது. அந்த அம்மாளுக்கு விஷயத்தை விளங்க வைக்க, இவர் மலை, சாமி, சவரக்கத்தி, மொட்டை என்று வரிசையாக நடித்துக் காட்டினார். அவள் தணிகையின் தலையைப் பார்த்தாள், மல்லிகாவின் தலையைப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் துறவிகளாக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டாள் போலிருக்கிறது. தணிகையின் காலடியில் விழாத குறையாக வணங்கினாள். பூங்கட்டைக் கட்டியிருந்த வைக்கோல் கயிற்றை அவிழ்த்து, மிச்சச் சடையை அழகாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு அவிழ்ந்த பூவை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தன் கணவரைப் பார்க்கப் போனாள். அவளைப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

ஒசாக்கா திரும்பிய பிறகு எனக்கு வந்த யோசனைகளைச் சொன்னால் வெட்கம். சவுரி வைத்துப் பின்னலாமா என்றுகூட யோசித்தேன். சாமி முடியில் கலப்படமா என்று இவர் கேட்டதும் விட்டேன். கடைசியில், குளிர் தேசத்தில் முடி வளராது என்று அண்ணியிடம் சொல்லிவிடுவதாக முடிவாயிற்று. சொல்ல வேண்டியவர் அவர்.

ஆடிக்கு முன்பே ஊர் திரும்பினோம். கிருத்திகையன்று திருத்தணியில் காவடிக் கூட்டம் மலையை மூடியிருந்தது. அண்ணி மஞ்சள் புடவையில், ஆள் மெலிந்து, எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். தணிகையைத் தூக்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். அவனுக்கு அவளை ஞாபகமில்லை. ஆனாலும் இறங்க மறுத்தான். பிறகு அவள் சடையை அவிழ்த்தாள். சாண் போட்டாள். மறுபடி போட்டாள். கை அப்படியே நின்றது.

"இன்னா கௌரி, வருசம் ஆவப்போவுது, சாண் சாணாவே கீது?"

குளிர் தேசம், முடி வளராது என்று இவர் ஆரம்பித்தார். அண்ணி திரும்பி மல்லிகாவைப் பார்த்தாள். மொட்டைத் தலையோடு போன மல்லிகா கழுத்து வரைக்கும் முடி தொங்க நின்றுகொண்டிருந்தாள். இவர் வாயை மூடிக்கொண்டார்.

"மான் துன்னுடுச்சு அத்தை," என்றாள் மல்லிகா. அடக்கி வைத்திருந்த பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னாள். பூ, கத்திரி, அம்மா அழுதது, நைனா வாய்க்குள் விரல் விட்டது எல்லாம். நான் தலை நிமிரவில்லை. போய்விட்டது, இனி இவள் என் வாசல் மிதிக்கமாட்டாள் என்று நிச்சயமாகவே நினைத்தேன்.

அண்ணி சடை நுனியை விரலில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "கொம்பு இருந்துச்சா அதுக்கு?"

"கொம்பே இல்ல அத்தை."

"அப்போ பொட்ட மானு."

அவள் முகம் மாறியது. மலை உச்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர்.

"வள்ளியப் பெத்தவ மான்தானே. இந்த மலையிலதானே அவளக் கட்டிகினான். மருமவனுக்குப் போறதுல மாமியார்க்காரி பாதி வாங்கிகினா. அது அவங்க வூட்டு விசயம், நாம யாரு கேக்க? எம் புள்ளையத் தேடி அம்மாந்தூரம் போய் வாங்கிகினு கீறாளே."

என் வீட்டுக்காரர் நேர்மையான மனிதர். துணியிலும் சரி, பேச்சிலும் சரி, ஓர் இழை தப்பினால் தாங்கமாட்டார். "அக்கா, அது வந்து, அந்த ஊர்ல கடாவுக்கு..." என்று தொடங்கினார். நான் அவர் கால் மேல் ஏறி நின்றேன். முழு எடையோடு. கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறவர்கள் தள்ளியதுபோல் இருந்திருக்கும் மற்றவர்களுக்கு.

"இன்னாடா கடாவுக்கு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா மேய வுடுவாங்க."

அண்ணி தணிகையை மடியில் வைத்துக்கொண்டு நாவிதர் முன் உட்கார்ந்தாள். முடி இறங்கியது. சந்தனம் பூசிய அந்த உருண்டைத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அன்று மாலை எங்களோடு பஸ் ஏறி, எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பஸ்ஸில் ஒரு ஆள் மல்லிகாவைப் பார்த்துப் 'பொண்ணு', தணிகையைப் பார்த்துப் 'பையன்' என்று சரியாகச் சொன்னான். என் வீட்டுக்காரர் மட்டும் வாசல்படியில் நொண்டிக்கொண்டே ஏறினார். அவர் கட்டை விரல் ஒரு வாரம் வீங்கியிருந்தது.